மோடமும் நான்கு ஊக்குகளும்

முதல் நாள் பதினேழு. இரண்டாம் நாள் இருபத்திரண்டு. மூன்றாம் நாள் ஒன்பது. நான்காம் நாள் பூஜ்யம்.

வரன் பார்க்கும் இணையதளங்களை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் யாரோ திறக்க முயன்று, முடியாமல் போன தடவைகளின் கணக்கு அது. தடையைப் போட்டவன் நான். அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. பூஜ்யத்தைப் பார்த்த காலையில் எனக்கு வந்த உற்சாகத்தில் இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தேன். நாளைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காரணத்தைச் சொல்ல வேண்டும். என் மகள் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் நண்டுகளைப் பற்றி. ஐந்து வருஷம் சேற்றில் நின்று நண்டு எண்ணினாள். அந்த விஷயத்தில் அவள் என் பெண்தான். ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு தடவை தவணை வாங்கியாகிவிட்டது. மறு தவணை கிடையாது. மீதி இருந்தது தொண்ணூறு நாள். மூன்று பேர் இருக்கும் விடுதி அறையில் எழுத முடியவில்லை என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே கூடத்தில் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள்.

"அப்பா, அம்மா, ரெண்டு பேருக்கும் சேத்துதான் சொல்றேன். தொண்ணூறு நாள். மாப்ள வீடுன்னு ஒரு ஃபோன் வரக் கூடாது, ஒரு தட்டு பழம் வரக் கூடாது. வந்துதுன்னா அன்னிக்கே பஸ் ஏறிடுவேன். ஹாஸ்டல்ல எழுத முடிஞ்சா எழுதறேன். முடியலன்னா அஞ்சு வருஷத்தையும் விட்டுட்டு எங்கனா ஸ்கூல்ல டீச்சராப் போறேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் பெண் பார்க்க ஏழு வீட்டார் வந்து போயிருந்தார்கள். ஒவ்வொரு வருகைக்கும் நான்கு நாள் வீணானது. வீட்டை ஒழுங்கு செய்ய ஒரு நாள், வருகைக்கு ஒரு நாள், பதிலுக்குக் காத்திருக்க ஒரு நாள், தாயும் மகளும் சண்டை போட ஒரு நாள். ஏழு நான்கு இருபத்தெட்டு. தொண்ணூறில் அப்படி இருபத்தெட்டைப் பறிகொடுத்தால் ஆய்வேடு எங்கே முடியும்?

என் மனைவி தலையாட்டினாள். முப்பத்து மூன்று வருஷமாக அந்தத் தலையாட்டலைப் பார்த்து வருகிறேன். "நீங்க சொல்லி முடிங்க" என்றுதான் அதற்கு அர்த்தம். "சரி" என்று ஒருநாளும் அர்த்தம் கிடையாது. அதனால்தான் அவள் வார்த்தையை நம்பாமல் மோடத்தை நம்பினேன்.

இணையதளத்துக்கு நாம் எழுதும் பெயர் ஒன்று, உள்ளே அதற்கு இருக்கும் எண் வேறு. பெயரைத் தட்டினால் கம்ப்யூட்டர் யாரிடமாவது அந்த எண்ணைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், முன்பு நாம் டெலிபோன் விசாரணைக்குப் போட்டு நம்பர் கேட்டோமே, அதைப் போல. "இன்னின்ன பெயருக்கு எண் சொல்லாதே" என்று நாம் கேட்டுக்கொண்டால் அப்படியே செய்யும் விசாரணை அலுவலகம் ஒன்று வெளிநாட்டில் இருந்தது. அதன் விலாசத்தை மோடத்துக்குள் எழுதிவிட்டால் போதும். எத்தனை தடவை கேட்டார்கள், எத்தனை தடவை மறுத்தோம் என்று தினமும் ஒரு பட்டியலும் தருவார்கள். முப்பத்திரண்டு வருஷம் மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் வேலை பார்த்தவனுக்குத் தினமும் ஒரு பட்டியல்! ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அப்படி ஒரு பரிசை வேறு யாரும் கொடுத்ததில்லை.

எதிரி யார் என்பதும் எனக்குத் தெரியும். சிதம்பரம் கீழ வீதியில் பன்னிரண்டு கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்தும் என் மச்சான், மனைவியின் தம்பி. மகளின் படத்தையும் ஜாதகத்தையும் அந்தத் தளத்தில் ஏற்றியவன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். நான் தடை போட்டதைக் கேட்டதும் சோபாவில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

"மாமா, எங்கிட்ட காலேஜ் பசங்க நூறு பேரு வர்றானுங்க. நான் போட்ற பூட்டை நூறு விதமா தொறக்கறானுங்க. நீங்க ஒத்த ஆளு."

"நான் ஒத்த ஆளுதான் மச்சான். ஆனா எனக்குக் கடை கிடையாது. இருபத்து நாலு மணி நேரமும் இதான் வேல."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றான். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்திருக்க வேண்டும்.

பூஜ்யம் வந்தது அதற்குப் பிறகுதான். ஐந்தாம் நாளும் பூஜ்யம், ஆறும் ஏழும் பூஜ்யம். எட்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. பதினோரு பேர் இறங்கினார்கள். மூன்று தட்டு, ஒரு தார் வாழைப்பழம்.

மகள் கொண்டையில் பேனாவைச் செருகியபடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எல்லோருக்கும் சேர்த்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை இழுத்தாள். வேன் போனதும் அறை வாசலில் போய் நின்றேன். நான்கு புடவையும் இரண்டு கத்தை பேப்பரும் பெட்டிக்குள் போயிருந்தன.

"ஒரே ஒரு வாய்ப்பு குடும்மா" என்றேன். "எங்க ஓட்டைன்னு கண்டுபுடிச்சிர்றேன்."

"இதான் கடைசி, அப்பா." அதைச் சொல்லும்போது அவள் கோபமாக இருந்திருந்தால் எனக்குத் தேவலாம். களைத்துப் போயிருந்தாள்.

உட்கார்ந்து யோசித்தபோதுதான் மழைமானி ஞாபகம் வந்தது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி சொன்ன முதல் பாடம் அது. கார்த்திகை மாதத்தில் ஓர் ஊரிலிருந்து மழை பூஜ்யம் என்று எழுதி வந்தால் அங்கே மழை இல்லை என்று நினைக்காதே, ஆள் போய்ப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள். முப்பத்திரண்டு வருஷம் அந்தக் கண்ணோடுதான் பட்டியல்களைப் பார்த்தேன். என் வீட்டுப் பட்டியலில் பூஜ்யம் வந்ததும் அதை மறந்துவிட்டு இரண்டாவது காபி குடித்திருக்கிறேன்! என் மனைவி ஆசையை விட்டிருந்தால் ஒன்பது ஆறாகி, மூன்றாகி, ஒன்றாகித் தேய்ந்திருக்கும். திடீரென்று பூஜ்யம் என்றால் அவள் என் விசாரணை அலுவலகத்தில் கேட்பதை நிறுத்திவிட்டு வேறெங்கோ கேட்கிறாள்.

கம்ப்யூட்டரின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். அதேதான். மச்சான் மோடத்தைத் தொடவே இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே வேறொரு விசாரணை அலுவலகத்தின் எண்ணை எழுதிவிட்டுப் போயிருந்தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கை தட்டலாம் போல இருந்தது.

இரண்டு நாள் படித்தேன். முப்பத்தாறு பக்கம் அச்செடுத்தேன். எண் கேட்கும் கேள்விகளெல்லாம் ஐம்பத்து மூன்று என்ற எண்ணுள்ள வாசல் வழியாகத்தான் வெளியே போகின்றன என்று அதில் இருந்தது. அந்த வாசலில் காவல் போட்டுவிட்டால், கம்ப்யூட்டரில் எவன் எந்த விலாசத்தை எழுதினாலும் கேள்வி படி தாண்டாது. மோடத்தில் இரண்டு விதி எழுத வேண்டும். நம் அலுவலகத்துக்குப் போகும் கேள்வியை விடு; மற்ற எல்லாவற்றையும் தடு. நான் அவசரத்தில் தடுப்பதை முதலிலும் விடுவதைப் பின்னாலும் எழுதிவிட்டேன். மோடம் மேலிருந்து கீழே படிக்கும் ஜாதி. முதல் வரியிலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. ஒரு முழு நாள் வீட்டில் எந்தத் தளமும் திறக்கவில்லை. அன்றைக்கென்று மகள் மூன்றாம் அத்தியாயத்தை வழிகாட்டிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பென் டிரைவை எடுத்துக்கொண்டு திருப்பாப்புலியூருக்கு ஆட்டோவில் போனாள். திரும்பி வந்து, "அப்பா, தடுக்கறதுல நீங்க ரொம்ப நல்லா தடுக்கறீங்க" என்றாள். வரிசையை மாற்றினேன், கம்ப்யூட்டரில் மச்சான் எழுதியிருந்ததையும் அழித்தேன். மகளின் மெயில் திறந்தது. வரன் தளம் திறக்கவில்லை. நான் கம்ப்யூட்டரிலும் வேறு விலாசத்தை எழுதிப் பார்த்தேன். திறக்கவில்லை! மோடத்தின் பாஸ்வேர்டையும் மாற்றினேன், பதினான்கு எழுத்து.

மறுநாள் பட்டியலில் முப்பத்தொன்று. அதற்கடுத்த நாள் இருபத்தாறு. கோபமான எண்கள், ஆனால் உண்மையான எண்கள். மச்சான் ஃபோன் செய்தான்.

"மாமா, இன்னா பண்ணீங்க? அக்கா அழுவுது."

"உங்கக்கா அழுவல. எதிர்லதான் கீரை ஆயறா."

"சரி, ஐம்பத்து மூணா?"

"ஐம்பத்து மூணு."

"மாமா, நீங்க என் கடைக்கு வந்து உக்காந்துருங்க. பசங்களுக்கு நீங்கதான் சரி" என்றான். இவ்வளவு பெரிய பாராட்டை அவன் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இடையில் அவன் இன்னொரு வழியும் முயன்றான். தடை இல்லாத ஒரு தளத்துக்குள் போய், அதன் முதுகில் ஏறிக்கொண்டு தடை செய்த தளத்தைப் பார்ப்பது. அவன் கடைக்கு வரும் பையன்கள் செய்வதாம். முதுகு கொடுக்கும் தளங்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மூட எங்கள் விசாரணை அலுவலகத்தின் தடைப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. ஒரு டிக். ஐந்து நிமிஷ வேலை. மகள் நான்காம் அத்தியாயத்துக்கு வந்துவிட்டாள். நாற்பத்தெட்டு நாள் மீதி.

அப்போது மறுபடியும் பூஜ்யம் வந்தது.

இந்த முறை நான் காபி கேட்கவில்லை. மோடத்துக்குள் போகப் பார்த்தேன். என் பதினான்கு எழுத்தை அது ஏற்கவில்லை. கடையிலிருந்து வந்தபோது இருந்த பழைய பாஸ்வேர்டைப் போட்டேன். திறந்தது. உள்ளே நான் எழுதிய விதி ஒன்றுகூட இல்லை. மோடம் அன்று பிறந்த குழந்தை மாதிரி இருந்தது.

மோடத்தின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை உண்டு. மெல்லிசான எதையாவது அதற்குள் விட்டுப் பத்து வினாடி அழுத்தினால் எல்லாம் அழிந்து பழைய நிலைக்குப் போய்விடும். எனக்குத் தெரியும். ஆனால் தீக்குச்சி நுழையாது, பேனா முனை நுழையாது. மேஜைக்கு அடியில் குனிந்து தேடினேன். சுவரோரம் ஒரு ஊக்கு கிடந்தது. நுனி வளைந்திருந்தது.

சமையலறைக்குப் போனேன். மனைவி தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் தாலிச் சங்கிலியில் எப்போதும் நான்கு ஊக்கு தொங்கும். எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள், அவசரத்துக்கு உதவும் என்று. நான்கு என்பது எனக்குத் தெரியும். நான் எண்ணாதது வீட்டில் எது? கழுத்தைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"என்னாங்க, அப்பிடி பாக்குறீங்க?"

"நாலாவது எங்க?"

அவள் தோசையைத் தட்டில் போட்டாள். பிறகு முந்தானையால் சங்கிலியை மூடிக்கொண்டாள். "ஊக்குனா வளையறதுதான்" என்றாள். நான் அது வளைந்திருந்ததைச் சொல்லவே இல்லை.

மச்சான் சிதம்பரத்திலிருந்து ஃபோனில் எழுத்து எழுத்தாகச் சொல்ல, இணைப்புக்கான பெயரையும் பாஸ்வேர்டையும் அவளே தட்டி மோடத்துக்கு உயிர் கொடுத்திருக்கிறாள். ஆறு மாதத்துக்கு முன்பு மௌஸைத் தொடப் பயந்தவள்! எனக்கு ஆத்திரமும் பெருமையும் சரிபாதியாக வந்தன.

அன்று மத்தியானமே வெல்டிங் பட்டறை ஆளைக் கூட்டி வந்து எங்கள் இரும்பு பீரோவின் முதுகில் துளை போட வைத்தேன். துளை வழியாக டெலிபோன் கம்பி, கரண்டு கம்பி, கம்ப்யூட்டர் கம்பி என்று மூன்றையும் உள்ளே விட்டு, பட்டுப் புடவைகளை மேல்தட்டுக்கு ஏற்றி, நடுத்தட்டில் மோடத்தை வைத்தேன். விதிகளைத் திரும்ப எழுதினேன். பீரோவைப் பூட்டினேன். இனி எந்த ஊக்கு நுழையும்? சூடாகிவிடுமோ என்ற கவலையில் கதவைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் பீரோவைப் பார்த்தாள், துளையைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"அப்பா, பீரோ சாவி யாருகிட்ட இருக்கும்?"

கல்யாணமான நாளிலிருந்து பீரோ சாவி இருக்கும் இடம் ஒன்றுதான். நான் பூட்டியபோதே சாவிக்கொத்தை அவளிடம் கேட்டு வாங்கிப் பூட்டிவிட்டு, பழக்கத்தில் அவளிடமே திருப்பிக் கொடுத்திருந்தேன். அது அவள் இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தது. மனைவி அடுப்படி வாசலில் நின்று சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு நாங்கள் மூவரும்.

சிரித்து முடித்ததும் மகள் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "எதுக்கும்மா இவ்ளோ அவசரம்? நாப்பத்தெட்டு நாள்தானே?"

"உனக்கு நாப்பத்தெட்டு" என்றாள் மனைவி. "எனக்கு அறுவது."

எனக்குப் புரியவில்லை.

"அறுவதாவது நாள் உனக்கு முப்பது முடியுது. அந்த சைட்ல வயசுன்னு ஒரு கட்டம் இருக்கு. எல்லாரும் முப்பதுக்குள்ளன்னுதான் போட்டுத் தேடறாங்களாம். முப்பது ஆனா உன் படம் பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாதாம், உங்க மாமா காட்டுனான். பன்னெண்டு நாள்ல நான் என்னாத்த பாக்கறது?"

வீட்டில் ஊக்கு வரை எண்ணிய நான், இந்த எண்ணை எண்ணவில்லை.

மகள் வெகு நேரம் அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். "எழுதிக் குடுத்துட்டு வர்ற அன்னிக்கு நானே உங்கூட உக்காந்து பாக்கறேன். முப்பதுன்னு கட்டம் போடறவன் எனக்கு வேணாம், அது வேற. ஆனா பாக்கறேன். அதுவரைக்கும் பூட்டு உன்னோடது" என்றாள். என்னிடம், "அப்பா, மோடம் பாஸ்வேர்டை அம்மா போடட்டும். நீங்களும் பாக்கக் கூடாது" என்றாள்.

எனக்குப் பதற்றமாகத்தான் இருந்தது. மறந்துவிட்டால்? ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மனைவி ஒரு விரலால் தட்டினாள். ஒன்பது தட்டு கேட்டது.

மறுநாள் பட்டியலில் ஒன்று. அதற்கடுத்த நாளும் ஒன்று. நாற்பத்தேழு நாளும் தினம் ஒன்று, மத்தியானம் இரண்டு மணி வாக்கில். பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேன்.

"மூடியிருக்கான்னு பாத்தேன்" என்றாள். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு இன்னொரு தடவை திருகிப் பார்ப்பாளே, அதே குரலில்.

கடைசி நாள் ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு நானும் மகளும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினோம். அச்செடுத்ததும் பைண்டிங் செய்யக் கொடுத்ததும் மச்சான்தான். ஐந்து பிரதி, ஒவ்வொன்றும் இருநூற்றுப் பதினான்கு பக்கம். கடையில் உட்கார்ந்து ஐந்தையும் எண்ணினேன்.

"மாமா, மணி மூணு ஆவுது! ஆபீஸ மூடிருவான். அதையும் எண்ணணுமா?"

நான்காவது பிரதியில் நூற்றறுபதுக்கு அடுத்து நூற்று அறுபத்திரண்டு இருந்தது. மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒரு பக்கத்தை அச்செடுத்து, பைண்டர் கடைக்கு ஓடி, ஒட்டி வாங்கிக்கொண்டு மூன்றே முக்காலுக்கு அவன் பைக்கில் மகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். நாலு மணி பத்து நிமிஷத்துக்கு ஃபோன் வந்தது. "வாங்கிட்டாங்க அப்பா! முத்திரை குத்திட்டாங்க!" கீழ வீதியில் நின்று நான் சத்தமாகவே ஏதோ சொன்னேன் போல. தேர் நிற்கும் பக்கமிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து காபி குடித்ததும் மகள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். அம்மா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மனைவி பாஸ்வேர்டைத் தட்டினாள். தவறு என்று வந்தது. மறுபடி தட்டினாள். தவறு. மூன்றாவது தடவையும் தவறு.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. அதுதான் ஒத்துக்க மாட்டேங்குது" என்றாள்.

மகள் கையை நீட்டினாள். "சாவியும் ஒரு ஊக்கும் குடும்மா."

மனைவி சங்கிலியிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். பீரோ திறந்தது. பத்து வினாடி நான் எண்ணினேன். மோடத்தின் விளக்குகள் அணைந்து, ஒவ்வொன்றாக நான்கும் எரிந்தன. இணைப்புக்கான பெயரையும் பாஸ்வேர்டையும் நான் சொல்ல மகள் தட்டினாள். என் விதிகள் போயின, என் பட்டியலும் போயிற்று. இனி அவர்கள் எத்தனை பார்த்தார்கள் என்று எனக்கு யாரும் கணக்குத் தர மாட்டார்கள்.

நான் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே மகளின் குரல் கேட்டது. "வேணாம்." கொஞ்ச நேரம் கழித்து, "மீசையப் பாரும்மா, வேணாம்." மனைவி ஏதோ சொல்லிச் சிரித்தாள். பேப்பரின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வந்தேன். பதினோரு "வேணாம்" ஆயிற்று.

பன்னிரண்டாவதுக்குச் சத்தமே இல்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. பூஜ்யம்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்.